பேச்சு நின்றால் கத்தும் பெட்டி

ஆட்டோ ஹோன் கத்திய அன்று பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் இவர்கள்: பிள்ளை பார்க்கிற நான், எனக்கு ஒத்தாசைக்கு வரும் பெண், தொட்டில்களில் ஆறு கைக்குழந்தைகள், நடக்கத் தெரிந்த ஏழு பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கி வாசலில் சாக்கைப் பிழிந்துகொண்டு நின்ற கங்காணி. அந்த ஹோனைச் சுவரில் பூட்டிய பள்ளிக்கூடத்துச் சேர் அங்கே இல்லை. அதை நினைக்க அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற காம்பரா சரியாக மலையடியில் இருந்தது. கவ்வாத்து வெட்டி மலை மொட்டையான வருடம், மேலே செடிகளுக்கு நடுவில் ஒரு வெடிப்பு தெரிந்தது. குடையை விட்டுப் பார்த்தால் பிடிவரை இறங்கியது. அதை முதலில் கண்டவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்துச் சேர். தோட்ட ஆபிசில் போய்ச் சொன்னார். மேலே எழுதிப் போடுவதாகச் சொன்னார்கள். எழுதினார்களோ என்னவோ, மழைக்காலம் நெருங்கிவிட்டது.

சேர் வெடிப்பின் இரு பக்கமும் கட்டை அடித்து, நடுவில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். மண் நகர்ந்தால் கம்பி இழுபடும், இழுபட்ட அளவை உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு சர்க்கிட் போர்ட் எண்ணாக மாற்றும். பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கம்பியூட்டர் ஒன்றைத் திருத்திக் காம்பராவின் மூலையில் வைத்து, மலையிலிருந்து அதுவரை செடிகளுக்கு அடியால் வயர் கொண்டுவந்தார். பக்கத்து மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. அங்கே வெட்டியவர்கள் கிளையோடு சேர்த்து வயரையும் வெட்டிவிட்டார்கள். ஒட்டினார், மறுபடி வெட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சொன்ன அளவு செடி வெட்டினால்தான் முழுப் பேர் விழும், முழு நாள் சம்பளம் கிடைக்கும், அந்த அவசரத்தில் கத்திக்கு வயரும் ஒரு குச்சிதான்.

பிறகுதான் வயரே இல்லாமல் செய்ய யோசித்தார். கொழும்பிலிருந்து தீப்பெட்டி அளவில் இரண்டு ரேடியோத் துண்டுகள் எடுப்பித்து, ஒன்றை மலையிலுள்ள போர்ட்டோடும் பெட்டரியோடும் சேர்த்து ஒரு பெட்டிக்குள்ளும், மற்றதைக் கம்பியூட்டரோடும் பூட்டினார். இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுக்க வேண்டுமாம், அப்போதுதான் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்குமாம். பின்னேரம் முழுக்க ஒன்றும் வரவில்லை. காம்பராவின் தகரக் கூரை மறிக்கிறது என்று கண்டு, ஏரியலை ஜன்னலுக்கு வெளியே மூங்கிலில் கட்டினார். திரையில் 52 வந்தது. சேர் மலைக்கு ஏறிக் கம்பியைக் கையால் இழுக்க, இங்கே எண் கூடியது. நான் வாசலில் நின்று முந்தானையை வீசிக் காட்டினேன். அந்த உயரத்தில் பொடியாகத் தெரிந்த மனுசன் இரண்டு கையையும் தூக்கி ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு திரையைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. எப்போது பார்த்தாலும் 52. “அம்பத்திரெண்டுதான், பயப்படாம போங்க” என்று அம்மாக்களை அனுப்பி வைப்பேன். என் ஆயுசில் நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான். ஒரு சனிக்கிழமை சேர் மலைக்குப் போய் வந்து, திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். மேலே பெட்டரி செத்து, பெட்டிக்குள் எறும்பு குடியேறியிருக்கிறது. கடைசியாக வந்த எண்ணைத்தான் கம்பியூட்டர் இத்தனை நாளும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டிலுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, அது செத்துக் கிடந்திருக்கு. நாங்கள் சுகமா இருக்கிறதெண்டு நினைச்சிருக்கிறம்.”

நான் பயந்துபோய்த் தொட்டில்களைத் திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததில் ஒரு ஆறுதலும் இருந்தது, என்னைப் போலப் பயப்படுகிற இன்னொரு ஆள் இருக்கிறார் என்று. அடுத்த வாரமே மாற்றிவிட்டார். மேலே உள்ள பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் கீழே உள்ளது கத்த வேண்டும். கத்துவதற்கு ஒரு பழைய ஆட்டோ ஹோன் வாங்கி வந்து சுவரில் பூட்டினார்.

அன்றோடு நிம்மதி போனது. மாடு கட்டையை உரசிப் பெட்டரி வயர் கழன்றால் கத்தும், மூங்கில் காற்றில் சாய்ந்தால் கத்தும். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மலைச்சரிவுக்கு அப்பால் இருந்த கோயில் மடத்துக்கு ஓடுவேன். “ஆயா, ஒங்க ஆட்டோ வந்திருச்சு. பதுளைக்கா, கொழும்புக்கா?” என்பார் கங்காணி. பிள்ளை நனைந்து சளி பிடிக்கிறது என்று அம்மாக்கள் ஏசினார்கள். ஹோனின் வயரைக் கழற்றிவிடலாம் என்று எத்தனை தடவை கை போயிருக்கும், எனக்கே தெரியாது.

யுத்தம் முடியாத காலம் அது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் மலையில் ஏரியல் நட்டு எதையோ அனுப்புகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசாரிக்க வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், கம்பியூட்டரைப் பார்த்தார்கள், தோட்டத்து மனேஜர் துரையிடமும் பேசினார்கள். கடைசியில் பெட்டியை விட்டுவிட்டுச் சேரைக் கூட்டிப் போனார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிவிட்டதாகச் சொன்னார். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, எண்ணைப் பாக்காதேங்கோ. கத்தினா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போங்கோ. பிறகு யோசிக்கலாம்.”

ஐப்பசி மழையில், வானம் கறுத்த ஒரு முற்பகல், ஹோன் கத்தியது. திரையில் 53 நின்றது. “நம்பர் சரியாத்தானே இருக்கு ஆயா, இந்த மழையில எங்க போறீங்க?” என்றார் கங்காணி.

“நம்பர விடுங்க. புள்ளயத் தூக்குங்க.”

முணுமுணுத்துக்கொண்டே இரண்டைத் தூக்கினார், மிச்ச நாலையும் நானும் ஒத்தாசைப் பெண்ணும் தூக்கினோம். நடக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெறுமனே ஓடிய அத்தனை ஓட்டத்தில் பழகிப்போய், ஒன்றன் பின் ஒன்றாக என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. மடத்துக்குள் போய்த் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. மண் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டில்கள் தொங்கிய இடத்தில் நின்றது. வெடிப்பின் மேல் ஓரம் முதலில் சரிந்து, பெட்டியைக் கட்டையோடு கொண்டுபோயிருக்கிறது. மிச்ச மலை வரக் கொஞ்ச நேரம் எடுத்திருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாங்கள் ஓடினோம்.

மண்ணைக் கிளறி ஹோனை எடுத்து, பீலியில் கொட்டுகிற தண்ணியில் கழுவிக் கொண்டுவந்து தந்தவர் கங்காணி. இப்போது அது என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, எதனோடும் பூட்டாமல்.

சேரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் தந்துவிட்டுப் போன நம்பருக்கு அன்று பின்னேரமே அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை. வன்னிப் பக்கம் போனார் என்றார் ஒருவர், கனடாவில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். “எங்கயாச்சும் நல்லா இருப்பாரு ஆயா” என்கிறார் கங்காணி. நானும் பகலில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், பெட்டரி செத்த பிறகும் 52 என்று சொல்லிக்கொண்டிருந்த மாதிரி. பேச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தவர் அவர். ஹோனைத் துடைக்கிறபோதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ஓடுவதற்குக் கோயில் மடம் இருந்தது. அவரைத் தேடி எந்தப் பக்கம் ஓடுவது என்று எனக்குத் தெரியவில்லை.