வெற்றிலையில் அச்சாரம் வைத்த கார்

நேற்று சென்னையிலிருந்து போன். கார் எங்களுக்கு இல்லையாம்.

பெங்களூரில் யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம்.

உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். (ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் இன்றைக்குப் பிழை வந்தால் அது படிப்பால் வந்ததல்ல, கோபத்தால் வந்தது.)

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களில் யாராவது இந்த மாதிரிக் கார் வாங்கப் போனால் உதவும்.

மீனா என் மகன் வயிற்றுப் பேத்தி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள். சின்ன வயதில் பொம்மை கேட்காமல், எங்கள் வீட்டு லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதவள். சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்பட்டாள். அதுவும் எண்ணிச் செய்கிற வகை. உலகத்துக்கே கொஞ்சம்தான் செய்வார்களாம்.

பணம் இருந்தால் கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியாது!

முதலில் பேரைப் பதிய வேண்டும். பிறகு அவர்கள் நம்மை விசாரிப்பார்கள். இதற்கு முன் எங்கள் கார் வைத்திருந்தீர்களா, எத்தனை, எப்படிப் பராமரித்தீர்கள், வாங்கிய சூட்டோடு லாபத்துக்கு விற்றுவிடுவீர்களா என்று எல்லாம் கேட்டு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே மனது வைத்தால்தான் கார்.

(காசு கொடுக்கிறவரையே பெண் பார்க்கிற வியாபாரத்தை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.)

மீனா சளைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் அனுப்பினாள். வீட்டு வாசல் சரிவில் காரின் அடிவயிறு தட்டும் என்று, கொத்தனாரை வைத்து அதை இடித்து நீளமாகச் சாய்த்துப் பூசினாள். நான் கோலம் போடுகிற இடம் அதில் போனது. போகட்டும் என்று விட்டேன்.

போன மாதம் சென்னை ஷோரூமிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஓட்டிப் பார்க்க அவர்களுடைய வேறொரு மாடலைக் கொண்டுவந்திருந்தார். வந்ததும் வராததுமாக, வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் பேசலாமா என்றார். என் மகன் மாடியில்தான் இருந்தான். நான் கூப்பிடவில்லை.

"வாங்குறது இவ. கேக்குறத இவகிட்ட கேளுங்க தம்பி" என்றேன்.

மீனா ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டினாள். நான் முன்னால். பின்னால் பேருக்குத்தான் சீட், அந்தத் தம்பி அதில் மடங்கி உட்கார்ந்து வந்தார். வேகத்தடை வந்தால் வண்டியின் மூக்கைத் தூக்க ஒரு பொத்தான் இருக்கிறது. (வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ரோட்டுக்கு அது இல்லாமல் ஆகாது.) இவ்வளவு பக்குவமாக யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டாள் கோவில் பக்கம் நிறுத்தச் சொன்னேன். வெற்றிலை பாக்கு வாங்கி, மேலே நூற்றொரு ரூபாய் வைத்து, கோபுரத்தைப் பார்த்து நின்று அவர் கையில் கொடுத்தேன்.

"இது அச்சாரம் தம்பி."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாட்டி, இந்த வண்டி உங்க வீட்டுக்குத்தான்" என்றார். என்னோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தறியோ நிலமோ, வெற்றிலையில் அச்சாரம் கைமாறிவிட்டால் முடிந்தது. பொறவு இரட்டிப்பு விலைக்கு ஆள் வந்தாலும் விற்கிறவர் மசிய மாட்டார். கொடுக்க மனமில்லாதவர் வெற்றிலையைத் தொடவே மாட்டார். நானும் என் வீட்டுக்காரரும் முதல் தறி வாங்கியது அப்படித்தான்.

அந்தத் தைரியத்தில்தான், வேறு ஊர் ஷோரூமிலும் பேர் கொடுத்து வைக்கலாமா என்று மீனா கேட்டபோது வேண்டாம் என்றேன். அச்சாரம் கொடுத்துவிட்டு இன்னோர் இடத்தில் விசாரிப்பது மரியாதை இல்லை என்றேன். அவளும் கேட்டுக்கொண்டாள்.

நேற்று அந்தத் தம்பி போன் பண்ணியதும் மீனா ஸ்பீக்கரில் போட்டாள். பெங்களூர்க்காரர் ஏற்கெனவே அவர்களுடைய கார் மூன்று வைத்திருக்கிறாராம். கம்பெனி அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாம்.

மீனா "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

அந்த "சரிங்க"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வாங்கினேன்.

"ஏன் தம்பி, அச்சாரம்னு சொல்லித்தானே குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்குனியளே, எதுக்குன்னு நெனச்சிய?"

"ஆசீர்வாதம் பண்றீங்கன்னு நினைச்சேன் பாட்டி. அலாட்மென்ட் எங்க கையில இல்ல."

"ஒங்க கையில இல்லாத வண்டிய எங்க வீட்டுக்குத்தான்னு எப்படிச் சொன்னிய?"

அந்த நூற்றொரு ரூபாயை மீனா நம்பருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

என் மகன் சமாதானத்துக்கு வருகிறான். "எம்மா, அவிய கம்பெனிக்கு வெத்தலை பாக்குக் கணக்கெல்லாம் தெரியாதும்மா. விடுங்க."

"தெரியாதவன் எதுக்குலே கைய நீட்டுனான்?"

ஆகவே சொந்தங்களே, இந்தக் கார் வாங்க நினைத்தால் நாலு ஊரில் பேர் கொடுத்து வையுங்கள். வந்து சிரித்துப் பேசுகிறவர் வேறு, காரைக் கொடுக்கிறவர் வேறு. கம்பெனியே எழுத்தில் சொல்லும்வரை யார் வார்த்தையையும் நம்பி ஒரே இடத்தில் நிற்காதீர்கள். என் பேத்தி நின்றாள், என்னால்.

பணத்தை ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்காதீர்கள். அச்சாரத்தைக் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் பேச்சு முறியும். நான் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் மீனா கேட்டாள். "அப்ப அந்த வண்டி யாரோடது அப்பத்தா?"

"நம்ம வண்டிதாம்ட்டி. பெங்களூர்ல ஒருத்தன் ஓட்டிக்கிட்டு இருக்கான்."

அந்த ஊரில் இருக்கிற நம் ஆட்கள் யாராவது அவரைக் கண்டால், கொஞ்சம் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.