பின் தெருவின் நூற்றுப் பதினெட்டு ஓட்டு

தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த வட்டாரத்தில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மீட்டரக்கா என்றால் நாய்கூட வாலாட்டும். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் அவளுக்கு அத்துபடி. வாய் மட்டும் திறக்கமாட்டாள்.

அந்த வருடம் நூலகக் கதவில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். வார்டு எல்லைகளை மாற்றி வரைந்த வரைவு. ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம், பொது விசாரணையில் நேரில் பேசலாம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மீட்டரக்கா தன் தெருவை விரலால் தேடினாள். பழைய வார்டில் அது இல்லை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வார்டோடு ஒட்டவைத்திருந்தார்கள்.

"நாங்க எதுக்கு சார் தண்டவாளம் தாண்டணும்?"

நூலகர் சிடுமூஞ்சி. ஆனால் கேட்டால் சொல்லுவார். "எல்லா வார்டுலயும் ஏறக்குறைய சமமா ஓட்டு இருக்கணும். உங்க வார்டுல நூத்துச் சொச்சம் அதிகமாம். அதான் உங்க தெருவைக் கழட்டிட்டாங்க. இந்தாங்க, தெருவாரியா எண்ணிக்கை."

தாளில் ஓடிய விரல் ஒரு வரியில் நின்றது. பின் தெரு, நூற்றுப் பதினெட்டு.

"பின் தெருவா? அதை இடிச்சு ஏழு வருஷம் ஆச்சே!"

மறுநாள் உச்சி வெயிலில் அங்கே போனாள். நீரேற்று நிலையம் கட்டப்போகிறோம் என்று இடித்தார்கள். நிலையமும் வரவில்லை. முழங்கால் உயரத்துக்குப் புல். பக்கத்துச் சாலையின் இரைச்சல் அந்த இடத்துக்குள் வராதது போலிருந்தது. செருப்பால் புல்லை விலக்கினால், மீட்டர்ப் பெட்டிகளின் இரும்பு மூடிகள் வரிசையாக அப்படியே இருந்தன. பழக்கதோஷம், குனிந்து ஒன்றைத் திறந்தாள்.

முள் சுற்றிக்கொண்டிருந்தது. சற்று நின்றது, மறுபடி சுற்றியது.

அடுத்ததைத் திறந்தாள். அதுவும் சுற்றியது. மூன்றாவதைத் திறக்கக் கை வரவில்லை. நேராக அலுவலகம் போய்க் குழாய் ஃபிட்டரைப் பிடித்தாள்.

"அந்த லைன் வால்வை நான்தான்க்கா மூடுனேன். பைப்பையே துண்டிச்சாச்சு," என்றான் அவன்.

வேன் ஓட்டும் கணவரிடம் சாப்பிடும்போது சொன்னாள். "எங்கயாவது கசிவா இருக்கும். உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார்.

"கசிவுன்னா ஒரே சீரா ஓடணும். இது நிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு ஓடுது. யாரோ குழாயைத் திறந்து மூடுற மாதிரி."

அவர் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ஆட்சேபனை எழுத நூலகர்தான் வழி சொன்னார். "சும்மா வேணாம்னு எழுதுனா குப்பைக்குப் போகும். ஏன் வேணாம், கோடு எங்க போகணும், அதுக்கு என்ன ஆதாரம், மூணையும் எழுதுங்க." அவளும் எழுதினாள். குழந்தைகளின் பள்ளி, ரேஷன் கடை, மருந்தகம் எல்லாமே தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் என்று எழுதினாள். பின் தெருவில் ஒரு வீடும் இல்லை என்று எழுதினாள். வீடு வீடாக ஏறி இறங்கி அறுபத்தோரு கையெழுத்து வாங்கினாள். மீட்டரின் முள்ளைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். அவள் முறை வந்தது. தட்டுத் தடுமாறி, "பின் தெருவுல இப்ப யாருமே இல்லீங்கய்யா," என்று சொல்லி முடித்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்தார்கள். பேச்சில்லை, செருப்புச் சத்தம்கூட இல்லை. வரிசையாக உட்கார்ந்தார்கள். மீட்டரக்கா முகங்களை அடையாளம் கண்டாள். ஒன்றாம் நம்பர் வீடு, இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று பின் தெருவில் அவள் மீட்டர் பார்க்க ஏறி இறங்கிய அதே வரிசை. பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள்.

பதிமூன்றாம் நம்பர் தச்சர் எழுந்தார். "விசாரணைக்கு வரச்சொல்லிப் பழைய விலாசத்துக்குக் கடுதாசி போட்டிருக்கீங்க. போஸ்ட்மேன் எங்களைத் தேடித் தேடிக் குடுத்தார். நாங்க திசைக்கு ஒருத்தரா இருக்கோம் ஐயா. போன இடத்துல பேரைச் சேர்க்கச் சொன்னா, உங்க பேரு பின் தெருவுலதான் இருக்குன்னு விரட்டுறாங்க. அங்க புல்லு மட்டும்தான் இருக்கு."

"வாக்காளர் பட்டியலைத் திருத்துறது எங்க வேலை இல்லை," என்றார் தலைவர். "ஆனா எண்ணிக்கை தப்புன்னா நாங்க போட்ட கோடும் தப்பு. யார் யார் வந்திருக்கீங்கன்னு பார்த்துடலாம்."

எழுத்தர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பதினாலாம் நம்பர் வந்தது. ஒரு பெண்ணின் பெயர்.

"இருக்கேன்."

எழுத்தர் நிமிராமலே டிக் அடித்து அடுத்த பெயருக்குப் போனார். மீட்டரக்கா திரும்பி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். கதவைத் தட்டும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து வரும் அதே குரல். தெருவை இடித்த வாரமே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவுக்குப் போய் அழுதவள் மீட்டரக்கா. தச்சரைப் பார்த்தாள். அவரும் இவளைப் பார்த்தார். பிறகு தலை குனிந்துகொண்டார்.

இரண்டு மாதம் கழித்து இறுதி வரைபடம் வந்தது. கோடு தண்டவாளத்தோடு நின்றுவிட்டது. அவள் தெரு பழைய வார்டுக்கே திரும்பியது. தலைவர் பட்டியல் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தால் பின் தெருக்காரர்களுக்கும் இருக்கும் இடத்திலேயே ஓட்டு கிடைத்தது. தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

நூலகர் மட்டும் புது எண்ணிக்கைத் தாளை நீட்டினார். பின் தெரு, ஒன்று.

"அச்சுப் பிழையா இருக்கும். ஒரு வரி எழுதிக் குடுத்தா எடுத்துடுவாங்க."

மீட்டரக்கா பேனாவை வாங்கினாள். அந்த வரியை விரலால் தொட்டாள். பிறகு மூடியைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"இதுல எனக்கு ஆட்சேபனை இல்லை சார்," என்றாள்.