இனேஸிடம் சொல்ல வேண்டியது

துஷாந்தினி பிறந்தது நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். பராமரிப்புப் பயிற்சி முடித்து ஸ்பெயினுக்குப் போனாள். அங்கே படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபின் தெமோதரையில் வெளிநாட்டுக்காரர் தங்கும் ஒரு விடுதியில் வேலை. ஸ்பானிஷ் பேசும் விருந்தாளி யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதும் அவள்தான். அநேகமாக வயிற்றுப்போக்காக இருக்கும், இல்லாவிட்டால் சுளுக்கு.

இந்த முறை அப்படியில்லை. ஹூலியான் என்ற கிழவர் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக்கசிவு. அவருடைய மனைவி இனேஸும் துஷாந்தினியும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை விட்டபாடில்லை.

தாதி றஷீதா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்கக்கா. நீங்க ரெண்டு பேரும் பேசுறதக் கேட்டா ரெண்டு கோழி சண்ட போடுற மாதிரியே இருக்கு."

"ஒனக்கு ஒன்னும் வெளங்கலன்னு பொறாம."

அப்போது டாக்டர் வெளியே வந்தார். ஹூலியானை 'லூஸ்' பண்ணிக்கொண்டிருக்கிறோம், மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாவி தொலைந்தாலும் லூஸ், விளையாட்டில் தோற்றாலும் லூஸ், உடம்பு இளைத்தாலும் லூஸ். ஸ்பானிஷில் இளைப்பதற்கு வேறு சொல் உண்டு. தொலைப்பதற்கும் தோற்பதற்கும் பெர்தேர் என்ற ஒரு சொல் போதும். டாக்டர் சொன்னது சாவைத்தான் என்பதில் துஷாந்தினிக்குச் சந்தேகமில்லை. ஸ்பெயினில் அவள் பார்த்துக்கொண்ட கிழவியின் மகளிடம் அந்த ஊர் டாக்டர் 'சே முவேரே' என்றுதான் சொன்னார். சாகிறாள் என்று அர்த்தம். மகள் நாற்காலியைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பயிற்சியில் துஷாந்தினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

ஆனால் தோட்டத்தில், மூச்சிருக்கிற புருஷன் சாகப்போகிறான் என்று பெண்டாட்டியிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'சீரியஸா இருக்கு' என்பார்கள். சொல்வதற்குள் லயத்தின் பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கைப்பிள்ளையை வாங்கிக்கொள்வாள், ஒருத்தி அடுப்பை அணைப்பாள். மிச்சத்தைப் பெண்டாட்டி அதிலேயே தெரிந்துகொள்வாள்.

"எஸ்தா முய் கிராவே," என்றாள் துஷாந்தினி. ரொம்ப சீரியஸ்.

இனேஸ் தலையசைத்தாள். ஒட்டி உட்கார அங்கே யாரும் இல்லை. துஷாந்தினியின் கையும் மடியிலேயே கிடந்தது. சீரியஸ் என்று மட்டும் கேட்ட எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் இனேஸ் செய்தாள், எழுந்தாள்.

"அப்படியானால் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட், உடுப்பு எல்லாம் விடுதியில் இருக்கிறது. எடுத்துவருகிறேன், நீ இங்கேயே இரு."

"போகாதீங்க" என்று மட்டும் துஷாந்தினியால் சொல்ல முடிந்தது. சீக்கிரம் வந்துவிடுவேன் என்று இனேஸ் படியிறங்கினாள்.

றஷீதா எட்டிப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?"

"சீரியஸ்னு சொன்னேன்."

"அப்ப அந்தம்மா ஏன் ஓட்டோல ஏறுறாங்க? ஓடுங்கக்கா. நான் உள்ள நிக்கிறேன்."

துஷாந்தினி மழையில் ஓடினாள். ஓட்டோ கேட்டைத் தாண்டி வீதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கூரையில் ஓங்கித் தட்டி நிறுத்தினாள்.

"சே முவேரே. இப்பவே."

இனேஸ் அவளைப் பார்த்தாள். "மேலே வைத்து ஏன் இதைச் சொல்லவில்லை?"

இனேஸ் ஓட்டோவிலிருந்து இறங்கினாள். இருவரும் மேட்டில் ஏறினார்கள். இனேஸுக்கு முழங்கால் சரியில்லை. நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. துஷாந்தினி பிடித்த கையை உதறிவிட்டாள்.

அறைக்குள் றஷீதா திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஹூலியானின் மூச்சு நின்றிருந்தது, கை இன்னும் சூடாக இருந்தது.

"நான் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்னு சொல்லுங்கக்கா."

துஷாந்தினி சொன்னாள். இனேஸ் றஷீதாவுக்கு நன்றி சொன்னாள். உடம்பைத் துடைத்து உடுப்பு மாற்ற வேண்டியிருந்தது. துஷாந்தினி பல தடவை செய்த வேலை. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். இனேஸ் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீ வெளியே இரு."

வராந்தாவில் நின்றவளுக்கு உள்ளே பேசுவது கேட்டது. இனேஸ் ஸ்பெயினில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டிருந்தாள். மகளின் பேரைச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், அப்பா செத்துவிட்டார் என்றாள்.