என் கையால் ஓர் உருண்டை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீடு நிறைய இருந்த ஆண்களுக்கு, என் குடலில் குடியிருந்த அமீபாவை என் கையாலேயே உருட்டி ஊட்டியவன் நான். அன்பாகத்தான் ஊட்டினேன். சுகாதாரம் பற்றி ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் அப்போது படித்திருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

நாங்கள் ரயில்வேயில் கணக்கெழுதும் கல்யாணமாகாத கிராணிகள். தண்டவாளத்தோரம் ஒரு வீடு எடுத்து, சமையல்காரர் ஒருவரை வைத்துச் சாப்பிட்டுவந்தோம். ஞாயிறு காலை மட்டும் அவர் கரண்டியைத் தொடக்கூடாது. தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் போட்டு நான் பிசைவேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவார்கள். ஊரில் அம்மா போட்டது போல ஆளுக்கோர் உருண்டை, நடுவில் கட்டைவிரலால் குழித்து அதில் சுண்டிய குழம்பு. சமையல்காரர் கையை நான் நம்பவில்லை. குடிதண்ணீரைக் கொதிக்கவை என்று அவர் உயிரை வாங்கியதும் நானே. கையை நன்றாகக் கழுவ வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லத்தான் செய்தன. அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொருவராக விழுந்தார்கள். மோசமாக அடிபட்டவன் என் அறைத் தோழன், டிக்கெட் கொடுக்கும் இளைஞன். வாளிக் கக்கூஸுக்குத் தவழ்ந்து போவான். சளியும் ரத்தமும்தான் போகும். உள்ளே யாரோ அரிவாள்மனையில் குடலை நறுக்குவதாகக் கத்துவான். அப்புறம் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால் அலறினான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரலில் சீழ் கட்டியிருக்கிறது, ஊசி மருந்துக்கு வற்றாவிட்டால் உள்ளேயே உடையும், உடைந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சமையல்காரரைச் சுற்றி நின்றோம்.

"எங்கடா போயிட்டு எங்கடா கைய வச்சே?" என்றேன்.

"சத்தியமா கழுவிட்டுத்தான் தொட்டேன் கிராணி ஐயா!"

ஒருவன் அவர் வயிற்றில் உதைத்தான். நான் இரும்புக் கரண்டியால் நெற்றியில் போட்டேன். நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கி அவர் வேட்டியில் சொட்டியது. கல்வியறிவு பெற்றவன் அடித்த அடி, குறி தப்பவில்லை.

மறுநாள், எங்கள் வீட்டிலிருந்த எல்லோரும் சிகரெட் டின்னில் மலம் கொண்டுவர வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சமையல்காரனிலை ஒண்டும் இல்லை. எல்லாருக்கும் குடுத்தது நீர்தான் ஐசே."

"நான் கல்லு மாதிரி இருக்கேன் டாக்டர். கிள்ளான் தோட்டத்துல இருந்தப்போ ஒருதரம் வயிறு கடுத்துச்சு. இஞ்சிச் சாறு குடிச்சு அடக்கிட்டேன்."

"நீர் அடக்கேல்லை. அது அடங்கியிருக்கு. வந்து பாரும்."

நுண்ணோக்கிக் குழாயில் கண் வைத்துக் குனிந்தேன். சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றும் கெட்டி ஓட்டுக்குள். நானும் உருண்டை பிடிப்பவன், இவ்வளவு சீராக எனக்கு வந்ததில்லை. வாய்க்குள் போனால் வயிற்றுப் புளிப்பு அந்த ஓட்டைக் கரைக்காது. குடலுக்குப் போய் ஓட்டை உடைத்து, பலவாகப் பிளந்துகொண்டு வெளியே வரும். சிலருடைய பெருங்குடலில் சாதுவாகக் குடியிருக்கும். சிலரிடம் சுவரைத் துளைத்து, வாய் குறுகி உள்ளே அகன்ற குடுவை போலப் புண் குடைந்து, ரத்த அணுக்களை முழுங்கும். ரத்தத்தோடு ஏறி ஈரலையும் தின்னும். ரத்தமாகப் போகிறவனிடமிருந்து வெளியே விழுவது ஓடில்லாதது, சீக்கிரம் சாகும். என்னைப் போல இறுகப் போகிறவன் வயிற்றில்தான் அது சாவகாசமாக மறுபடி ஓடு கட்டிக்கொண்டு, அடுத்த வாயைத் தேடிப் புறப்படும். நகக்கண்ணில் ஒட்டியது போதும் என்றார் டாக்டர்.

ஊசி மருந்துக்குச் சீழ் வற்றவில்லை. துளைத்து எடுக்க வேண்டியதாயிற்று. தோழனை அமுக்கிப் பிடிக்க ஆள் கேட்டார்கள். காலை நான் பிடித்தேன். நெற்றிக் கட்டோடு வந்து தோளைப் பிடித்தவர் சமையல்காரர். விலா எலும்புக்கு நடுவே தடித்த ஊசி இறங்கியது. அவன் என் மார்பில் உதைத்தான், சமையல்காரரின் மணிக்கட்டைக் கடித்துத் தோலைப் பிய்த்தான். பழுப்பாக, கட்டியாக, காப்பி வண்டல் போல வந்துகொண்டே இருந்தது. கிண்ணம் நிறைந்து இன்னொரு கிண்ணம் வைத்தார்கள். அவன் உடம்பு சட்டென்று தளர்ந்தபோது போய்விட்டான் என்றே நினைத்தேன். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "இருக்கிறான்," என்றார்.

அவன் உட்காரத் தொடங்கியதும் கட்டிலருகே போய், எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு அது. நடுநடுவே தேம்பலுக்கும் இடம் விட்டிருந்தேன்.

அவன் முழுதும் கேட்டான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான்:

"அத விடுங்கண்ணே. அந்தப் பழையதுல உப்பே இருக்காது. உங்க மனசு நோகுமேன்னுதான் சாப்பிட்டோம்."