நரம்பை ஒட்டி விட்ட சொத்தை

செல்லூரில் என் பல் மருத்துவமனை இருக்கும் சந்தில் தறிச் சத்தம் ஓயாது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர், கல்லூரியில் படிக்கும் மகளை அங்கே அழைத்து வந்தார். கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும், உடனே அடங்கிவிடும் என்றாள். நரம்பு உயிரோடு இருக்கிறது என்று நம்பினேன்.

"பிடுங்கி விட்ருங்கம்மா, தொல்லை ஒழியும்," என்றார் அப்பா. காப்பாற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

ஓரங்களைச் சுத்தமாகச் சுரண்டினேன். அடியில், நரம்பை ஒட்டி, மெத்தென்று ஒரு படலம் மட்டும் நின்றது. அதையும் எடுத்தால் நரம்பு திறந்துவிடும். அப்படியே விட்டு, மேலே மருந்து வைத்துத் தற்காலிகமாக இறுக்கி அடைத்தேன்.

"சொத்தைய உள்ள வச்சேவா அடைச்சிருக்கீங்க?" விவரம் சொன்னதும் அப்பா கேட்டார்.

வெளியிலிருந்து எதுவும் புகாவிட்டால் சொத்தை பரவாது, பல்லே உள்ளுக்குள் புதுச் சுவர் எழுப்பிக்கொள்ளும் என்றேன். சில நாள் கூசும்; தானாகவே விண்விண்ணென்று தெறித்தால் நரம்பு சாகிறது என்று பொருள், அப்போது மட்டும் உடனே வரச் சொன்னேன். இல்லையென்றால் சில மாதம் கழித்து வந்தால் நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

மறுபடி வரச் சொன்ன மாதத்தில் யாரும் வரவில்லை. போன் செய்தேன். பெண்ணின் அம்மா எடுத்தார். கூச்சம் நிற்கவில்லை என்று வேறோர் இடத்தில் பல்லை எடுத்துவிட்டார்களாம். தண்ணீர் பட்டால் மட்டும் கூசியதா, தானாகவே தெறித்ததா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அதன்பின் ஆழமான சொத்தையைக் கண்டாலே கை தயங்கியது. நரம்பு செத்துத்தான் போயிருந்ததா? என் கணிப்பு தவறா? பிடுங்கிய பல்லிடம் போய்க் கேட்க முடியாது.

அடுத்த வருடம் அந்தப் பெண் தனியாக வந்தாள். மறுபக்கப் பல்லிலும் அதே ஆழத்தில் சொத்தை. பழைய பல்லைப் பற்றி விசாரித்தேன்.

"தண்ணி குடிக்கையில மட்டுந்தான் கூசுச்சு டாக்டர். உள்ள சொத்தை இருக்குன்னு அப்பாதான் பயந்துட்டாரு."

அநேகமாக அது ஆறிக்கொண்டிருந்த பல். அதை அவளிடம் சொல்லாமல், புதுச் சொத்தையை ஆராய்ந்தேன்.

"இந்தப் பல்லு போயிரக் கூடாது," என்றாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

முன்பு செய்ததையே செய்தேன். சில மாதம் கழித்து வந்தவளின் பல்லில் குளிர்ந்த பஞ்சை வைத்தேன். முகம் சுளித்தாள், அடுத்த கணமே கூச்சம் போய்விட்டது என்றாள். நரம்பு பிழைத்திருந்தது. நிரந்தரமாக அடைத்து அனுப்பினேன். வாசலில் திரும்பிச் சிரித்தபோது, பிடுங்கிய பல்லின் வெற்றிடம் என் கண்ணில் பட்டது.