ஒளித்து வைத்த மாத்திரை

தாம்பரத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய் வந்த அப்பாவுக்கு, தினமும் ஐந்து வகை மாத்திரைகளை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அதில் ஒன்று அவர் முகத்தைக் கறுக்க வைத்தது. மாடம்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நோய் தெரிந்துவிடுமே என்று, அதை மட்டும் இரண்டு மாதம் நிறுத்தினேன்.

“நாலே போதும்ப்பா.”

“நீ படிச்ச பொண்ணு, சொன்னா சரிதான்.”

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது அப்பாவின் சளியில் கிருமி மறுபடி தெரிந்தது. மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்த நர்ஸ் கத்தினார்.

“அஞ்சும் சேர்ந்தாதான்யா கிருமி சாகும்! யாரு நிறுத்தச் சொன்னது?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “நான்தாம்மா, புடிக்காம ஒளிச்சி வெச்சிகினேன்.”

“இப்படிப் படிச்ச பொண்ணு கூட இருந்தும் புத்தி இல்லையே!”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்பா போய் ஒரு வருடமாகிறது. தெருவில் எல்லோருக்கும் இன்றும் நான், அவரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட படித்த பெண்.