கொடிப் பவுணில் இருந்த மாமா

என் மாமாவை நான் முதன்முதலில் பார்த்தது மாமியின் கழுத்தில்தான். மாமி, அப்பாவின் தங்கை. மன்னாரின் கீரிக் கடற்கரையில், எங்கள் வீட்டோடு ஒட்டிக் கட்டிய அறையில் தனியாக இருந்தார். அவருடைய தாலிக்கொடியில், புறா பொறித்த தாலிக்கு இரு பக்கமும் இரண்டு பழைய பவுண் காசுகள் தொங்கின. குடும்பத்தில் கைமாறிக் கைமாறி வந்தவை. இரண்டிலும் தாடி வைத்த ஒரு மனிதரின் தலை இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. தலை மட்டும் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

காசின் மறுபக்கத்தில் குதிரையில் ஏறிய ஒருவர் ஒரு பெரிய சர்ப்பத்தைக் குத்திக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் அவரைச் சந்தியோகுமையோர் என்பார்கள். அவர் வேறொரு புனிதர் என்று நான் வளர்ந்த பிறகு அறிந்தேன். அதனால் யாருடைய செபமும் வீணாய்ப் போனதாகத் தெரியவில்லை. மாலையில் செபமாலை சொல்லி முடித்ததும் மாமி ஒரு காசை எடுத்து, குதிரைக்காரர் இருக்கும் பக்கத்தை முத்தமிடுவார். அந்த நேரம் தாடிக்காரரின் பக்கம் நேரே எனக்குத் திரும்பியிருக்கும். தாலிக்கொடியில் இருக்கிற ஓர் ஆணின் தலை உள்ள காசை ஒரு பெண் நாள் தவறாமல் முத்தமிடுகிறாள் என்றால், அந்த ஆண் வேறு யாராக இருக்க முடியும்? ஏழு வயதில் எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மாமி, மாமாவுக்குத் தாடியோ?”

“ஓம், ஓம். தள்ளி இரு, செதில் தெறிக்கும்.”

அதோடு விஷயம் முடிந்தது.

மாமாவை நான் நேரில் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, கடல் அமைதியாக இருந்த ஒரு விடியற்காலையில் வலையை ஏற்றிக்கொண்டு வள்ளத்தில் போனவர் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. கடல் எடுத்ததா, அந்த யுத்த நாட்களில் கடலில் துவக்கோடு நின்றவர்கள் எடுத்தார்களா என்று கண்டு சொல்ல ஒருவரும் இல்லை. அடையாள அட்டையும் அவரோடேயே போய்விட்டது.

படம் என்று வீட்டில் மிஞ்சியது ஒன்றுதான், அதுவும் பாதி. கலியாண அல்பத்தை மாமாவும் மாமியும் யுத்தத்துக்குத் தப்பி இந்தியாவின் மண்டபம் அகதி முகாமுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவந்தார்கள். வரும்போது வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி அல்பம் நனைந்தது. கரைக்கு வந்து வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முகங்களை உரித்து எடுத்துவிட்டன. ஒரு படத்தில் மட்டும் மாமி முழுதாகத் தப்பினார். பக்கத்தில் மாமா கழுத்து வரைக்கும் தப்பினார். கோட்டு, கழுத்தில் கட்டிய ரை, சட்டைப்பையில் ஒரு பூ. அதற்கு மேலே வெள்ளைக் காகிதம். மாமாவே அதைப் பார்த்துச் சிரித்து, “ஆள் போனாலும் கோட்டுத் தைச்ச கூலி வீண்போகேல்லை” என்று சொன்னாராம். பிறகு ஒருநாள் ஸ்ரூடியோவுக்குப் போய் நல்ல படம் ஒன்று எடுப்போம் என்றும் சொன்னாராம். போகவில்லை.

ஆக, எங்கள் வீட்டில் தலை இல்லாத மாமா ஒருவர் அல்பத்திலும், உடம்பு இல்லாத மாமா ஒருவர் கொடியிலும் இருந்தார்கள். இதை இத்தனை பெரியவர்கள் இருந்தும் யாரும் கவனிக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த வருடம் அடம்பனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, வயலும் மாடும் இருந்தன, குடிப்பழக்கம் இல்லை. விசாரித்து விசாரித்துக் குறை ஒன்றும் கிடைக்காமல், அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மாமிக்கு அப்போது முப்பத்தைந்து கூட ஆகவில்லை. ஆனால் மாமா இறந்ததற்கு அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கோயிலில் இன்னொரு கலியாணம் எழுத முடியாது என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். எட்டு வருடமாக ஆள் இல்லை என்பது அவருக்குப் போதாது. அப்பா பத்திரம் கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்கு அலையத் தொடங்கினார்.

மாமி வேண்டாம் என்று சொன்னதில்லை. அப்பா சொல்வதற்கெல்லாம் “ஓம் அண்ணை” என்றார். பத்திரம் கிடைத்தால் முதல் வேலையாகக் கொடியைக் கழற்ற வேண்டும் என்று அம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னபோதும் மாமி தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. கடைசியில், விண்ணப்பத்தோடு ஆளின் படம் ஒன்றும் வைக்க வேண்டும் என்று அப்பா வந்து சொன்ன அன்றுதான் வாயைத் திறந்தார்.

“படம் ஒண்டும் இல்லையே அண்ணை.”

“அல்பத்தில இருக்கிறதைக் குடுப்பம். உள்ளதைக் கொண்டுவரச் சொல்லித்தான் கந்தோரில சொன்னவை. தண்ணியில நனைஞ்சதெண்டு கடிதம் ஒண்டும் வைச்சால் காணுமாம்.”

“தலையில்லாத படத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டினமோ?” என்றார் அம்மா.

எனக்குத்தான் விடை தெரியுமே. காசின் மேல் கொப்பித்தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் காசில் உள்ளது தாளில் வந்துவிடும். வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஐந்து ரூபாய்க் குற்றியில் செய்து பார்த்த வித்தைதான். அன்று மதியம் மாமி பாயில் சரிந்திருந்தபோது, காசைத் தரச்சொல்லிக் கேட்டேன். அரைத் தூக்கத்தில் கொடியைச் சட்டைக்கு வெளியே இழுத்து விட்டார். அடியில் புத்தகத்தை வைத்து, மேலே தாளைப் போட்டு உரசினேன். மாமியின் மூச்சுக்கு மாமாவும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தார். காசு தேய்ந்திருந்ததால் கண் தெரியவில்லை. கண்ணை நானே பென்சிலால் கீறினேன்.

தையல் கத்தரிக்கோலால் தலையை வெட்டி எடுத்து, அப்பாவின் பைலுக்குள் இருந்த படத்தை உருவி, சோற்றுப் பருக்கையை நசித்து ஒட்டினேன். அளவு எப்படி அத்தனை பொருத்தமாக அமைந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒரேயொரு குறை, மாமா மாமியைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்தார். கலியாணத்தன்று ஏதோ கோபம் போலிருக்கிறது என்று சமாதானப்பட்டுக்கொண்டு, படத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் படிப்பித்திருந்தார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லாதபடியால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு விண்ணப்பத்தை வாசித்தார். கடிதத்தை வாசித்தார். படத்தை எடுத்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

“இது ஆர்?”

அப்பா எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன். காரணம்தான் தெரியவில்லை. கேட்டவருக்கு மறுமொழி சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று, நானே சொன்னேன்.

“அது எங்கட மாமா.”

எழுதுவினைஞர் படத்தைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். பிறகு மாமியின் கழுத்தைப் பார்த்தார். “இது பவுண் காசில இருக்கிற வெள்ளைக்கார ராசாவெல்லோ பிள்ளை” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரர் எழும்பி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எனக்கு அழுகை வந்தது. ஒரு ராசா ஏன் எங்கள் மாமியின் கழுத்தில் வந்து தொங்க வேண்டும்?

மாமி கையை நீட்டிப் படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

“உரிச்சுப் பாப்பம்” என்றார் அப்பா.

“உரிச்சா மிச்சமும் போயிடும் அண்ணை.”

எழுதுவினைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கந்தோர்க் குரலுக்குத் திரும்பினார். “நனைஞ்ச படமெண்டால் வைச்சிருப்பன். இது கைவைச்ச படம். இதை நான் பைலுக்குள்ள போடேலாது. வேற ஒண்டு இருந்தால் கொண்டுவாங்கோ, ஒரு கிழமையில முடிச்சுத் தாறன்.”

“தேடிப் பாக்கிறம்” என்றார் மாமி. மேசையில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, பைலை மூடி, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வேலியில் பூவரசந்தடி ஒன்றை முறித்து, நின்று நிதானமாக இலையை உருவினார். அவருக்கும் எனக்கும் நடுவில் மாமி வந்து நின்றார். “பிள்ளையில கை வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றார். தமையனுக்கு முன்னால் அவர் குரல் உயர்த்தியதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்பா தடியைப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மாமி என்னைத் தன் பாயில் இருத்தினார்.

“கண் நீயோ கீறினனீ?”

“ஓம்.”

“நல்லா இருக்கு” என்றார். படத்தை அல்பத்துக்குள் வைத்தார். பைல் அலுமாரிக்கு மேலே ஏறியது. அடம்பன்காரர் அறுவடை வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் கலியாணம் செய்தார். அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேச ஒரு மாதம் சென்றது. என் தங்கச்சியின் வாழ்க்கையை ஒரு பென்சிலால் கெடுத்துப்போட்டாள் என்று, கோபம் ஆறிய பிறகும்கூட, கலியாண வீடுகளில் சொல்லுவார். நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். மாமி தனியாகக் கோயிலுக்குப் போவதைக் காணும்போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வருடம் மாமிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. மன்னார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு மருந்து விட்டு, மூடிக்கொண்டு நீள வாங்கில் இருக்கச் சொன்னார்கள். தாதி கிளினிக் அட்டையைக் கேட்டாள். மாமி கைப்பையை என்னிடம் நீட்டினார். அட்டையை உறையிலிருந்து உருவியபோது அதன் பின்னாலிருந்து சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என் மடியில் விழுந்தது. தாடி மீசை இல்லாத ஒரு வாலிபன். காது இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. நேராக என்னைப் பார்த்தான். மீன்பிடி அனுமதிக்கு எடுத்த படமாக இருக்க வேண்டும், மூலையில் முத்திரையின் பாதி இருந்தது.

அட்டையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன்.

“மாமி, மாமாவின்ர படம் ஒண்டு இருக்கு.”

“ஓம்.”

“எப்ப கிடைச்சது?”

“எப்பவும் என்னட்டத்தான் இருந்தது.”

“அப்ப ஏன் அண்டைக்குக் கந்தோரில குடுக்கேல்லை?”

மாமி மூடிய கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். படத்தை அதில் வைத்தேன்.

“குடுத்திருந்தால் அண்டைக்கே அவர் செத்திருப்பாரடி” என்றார்.

பூவரசந்தடிக்கு முன்னால் மாமி வந்து நின்றது நான் சின்னப் பிள்ளை என்ற இரக்கத்தால்தான் என்று, அந்த வாங்கில் இதைக் கேட்கும் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.